வாக்கு மாறியும் வாழ்வு மாறவில்லை

தில்லியில் வெளியாகும் வறுமைக் கணக்குகளைப் பார்த்தால் நாடு முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறது. 2015-16-க்கும் 2019-21-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் 13.5 கோடி இந்தியர்கள் வறுமையிலிருந்து மீண்டதாக நீதி ஆயோக் 2023-இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமை அறிக்கை கூறியது. ஆந்திரப் பிரதேசத்தில் வறியவர்களின் விகிதம் ஏறத்தாழ 12 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது என்றும் அந்த அறிக்கை தெரிவித்தது. அந்தக் கணக்கைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. மின் இணைப்பு, கழிப்பறை, சமையல் எரிவாயு, வங்கிக் கணக்கு ஆகியவை கிராமத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்திருப்பது கண்கூடு.

ஆனால், அதே மத்திய அரசின் மற்றொரு துறை எடுத்த கணக்கும் இருக்கிறது. வேளாண் குடும்பங்களின் நிலை குறித்துத் தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு 2019-இல் நடத்திய மதிப்பீட்டின்படி, ஆந்திரத்தின் வேளாண் குடும்பங்களில் 93 சதவீதத்துக்கும் மேற்பட்டவை கடனில் இருந்தன. ஒரு குடும்பத்தின் சராசரிக் கடன் ரூ.2.45 லட்சம். கடன்பட்ட குடும்பங்களின் விகிதத்திலும் கடனின் அளவிலும் நாட்டிலேயே முதலிடம் ஆந்திரத்துக்கு. அகில இந்திய அளவில் கடன்பட்ட குடும்பங்கள் 50 சதவீதம். சராசரிக் கடன் ரூ.74,121. வறுமை பாதியாகக் குறைந்த மாநிலத்தில்தான் உழவர் குடும்பங்கள் ஏறத்தாழ முழுமையாகக் கடனில் மூழ்கியிருக்கின்றன. இந்த இரண்டு கணக்குகளும் பல நேரங்களில் ஒரே வீட்டைப் பற்றியவை என்பதைத் தலைநகரில் அமர்ந்து கோப்புகளைப் புரட்டுகிறவர்கள் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

அந்த வீட்டைக் காண விரும்புகிறவர்கள் குடிபாலாவுக்குச் செல்லலாம். ஆந்திரத்தின் சித்தூரிலிருந்து தமிழகத்தின் வேலூருக்குச் செல்லும் சாலையில், மாநில எல்லையை ஒட்டி அமைந்துள்ள மண்டலம் அது. நரஹரிப்பேட்டைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் தமிழகம். வீட்டில் தெலுங்கும் சந்தையில் தமிழும், அல்லது வீட்டில் தமிழும் அலுவலகத்தில் தெலுங்கும் பேசும் மக்கள் இங்கு ஏராளம். சித்தூர், 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த ஊர். வடக்கு எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாகாணத்துடன் சேர்ந்தபோது சித்தூரும் அதனைச் சுற்றிய ஊர்களும் ஆந்திரத்திலேயே தங்கிவிட்டன. எல்லைக் கோடு எங்கு விழுந்தாலும் மண் ஒன்றுதான். அதில் விளைவதும் ஒன்றுதான். கரும்பு, கறவை மாடு, மாந்தோப்பு இவை மூன்றும்தான் இந்தப் பகுதியின் முதுகெலும்பு. அந்த மூன்றுக்கும் என்ன நேர்ந்தது என்பதைச் சொன்னால், இங்குள்ள வாக்காளர்களின் கோபம் தானாகவே விளங்கிவிடும்.

முதலில் மாங்காய். தமிழகத்தில் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் அழைக்கப்படும் தோத்தாபுரி ரகம்தான் சித்தூர் மாவட்டத்தின் பெருமை. மேசையில் வைத்து உண்பதற்காக அதை யாரும் தேடி வாங்குவதில்லை. கூழாக்கி, பழச்சாறு நிறுவனங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் அனுப்புவதற்காகவே அது பயிரிடப்படுகிறது. எனவே விவசாயிக்கு இருப்பது ஒரே வாசல், கூழ் ஆலையின் வாசல். அந்த வாசலில் 2025 ஜூன், ஜூலை மாதங்களில் நடந்ததை இந்தப் பகுதி மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். முந்தைய ஆண்டு கிலோ 20 ரூபாய்க்கு மேல் போன காய், 2025-இல் 5 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும்கூடத் தேறாத விலை அது. ஆலைகளின் முன்னால் மாங்காய் ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. வரிசை நகர்வதற்குள் காய் பழுத்தது, பழம் அழுகியது, அழுகியது சாலையோரத்தில் கொட்டப்பட்டது.

வீழ்ச்சிக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் உண்மையானவையே. அந்த ஆண்டு விளைச்சல் அதிகம். முந்தைய ஆண்டின் கூழ் விற்காமல் ஆலைகளின் கிடங்குகளில் தேங்கிக் கிடந்தது. உக்ரைனிலும் மேற்காசியாவிலும் நடந்த போர்கள் ஏற்றுமதியைப் பாதித்தன. ஆனால், இந்தக் காரணங்கள் யாவும் ஆலைக்கும் விவசாயிக்கும் பொதுவானவை. இழப்பு மட்டும் ஏன் ஒரு தரப்பின் தலையில் விழுந்தது? விடை மிக எளிது. கூழை உரிய முறையில் அடைத்து வைத்தால் ஓராண்டுக்கு மேலும் கெடாது. பறித்த காய் ஒரு வாரம்கூடத் தாங்காது. காத்திருக்க முடிந்தவர் விலையை நிர்ணயிக்கிறார். காத்திருக்க முடியாதவர் அதை ஏற்றுக்கொள்கிறார்.

மாநில அரசு கைகட்டி நின்றது என்று கூறுவது நியாயமாகாது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், அரசு தன் பங்காக 4 ரூபாய் தரும், ஆக மொத்தம் 12 ரூபாய் என்று முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் அரசு அறிவித்தது. ஆறரை லட்சம் டன்னுக்கு ரூ.260 கோடி என்று மானியத்துக்கான மதிப்பீடும் போடப்பட்டது. அரசின் 4 ரூபாய்க்கு அரசாணை இருந்தது. ஆலையின் 8 ரூபாய்க்கு இருந்தது ஆட்சியாளர்களின் வேண்டுகோளும் எச்சரிக்கையும்தான். அறிவித்த 8 ரூபாயை ஆலைகள் முழுமையாகத் தரவில்லை என்ற புகார் பருவம் முடிந்த பிறகும் ஓயவில்லை.

இதற்கிடையே இன்னொரு விநோதமும் அரங்கேறியது. வெளிமாநிலக் காய் உள்ளே வந்தால் உள்ளூர் விலை மேலும் சரியும் என்று கருதி, பிற மாநிலத் தோத்தாபுரி சித்தூர் மாவட்டத்துக்குள் நுழைய 2025 ஜூன் 7-ஆம் தேதி மாவட்ட நிர்வாகம் தடை விதித்தது. எல்லைச் சாவடிகளில் மாங்காய் வண்டிகள் மறிக்கப்பட்டன. கோலார் மாவட்டத்து விவசாயிகள் பாதிக்கப்படுவதாகச் சுட்டிக்காட்டி, தடையை நீக்குமாறு கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர அரசுக்குக் கடிதம் எழுதினார். கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் விலை அதே அளவுக்கு வீழ்ந்திருந்த நிலையில், தமிழக மா விவசாயிகளைக் காக்குமாறு முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஒரே மாங்காய், ஒரே நோய். மூன்று மாநிலங்கள், மூன்று கடிதங்கள். மூன்று முதல்வர்களும் ஒரே மேசையில் அமர்ந்து கூழ் ஆலைகளுடன் பேரம் பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது கேட்கப்படாத கேள்வியாகவே நின்றுவிட்டது. வரி வசூலுக்கான சோதனைச் சாவடிகளை 2017-இல் ஜிஎஸ்டி ஒழித்தது. எட்டே ஆண்டுகளில் ஏழை விவசாயியின் மாங்காய்க்காக அவை மீண்டும் உயிர்பெற்றன.

தில்லியின் பங்கு என்ன? நெல், கோதுமை உள்ளிட்ட 22 விளைபொருள்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கப்படுகிறது. பழங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு இருப்பது சந்தைத் தலையீட்டுத் திட்டம். விலை, முந்தைய இயல்பான ஆண்டைவிடக் குறைந்தது 10 சதவீதம் சரிந்து, மாநில அரசு கோரிக்கை வைத்து, செலவில் பாதியை ஏற்கவும் முன்வந்த பிறகுதான் அது நடைமுறைக்கு வரும். கர்நாடகத்தின் இரண்டரை லட்சம் டன் மாங்காய்க்கு, குவிண்டாலுக்கு 1,616 ரூபாய் என்ற விலையில் 2025 ஜூன் மாதமே ஒப்புதல் கிடைத்தது. ஆந்திரத்தின் 1.62 லட்சம் டன்னுக்கு, குவிண்டாலுக்கு 1,490 ரூபாய் 73 காசு என்ற விலையில் ஒப்புதல் வந்தபோது ஜூலை மாதத்தின் பிற்பகுதி ஆகிவிட்டது. தோப்புகளில் அறுவடை முடியும் தறுவாயில் இருந்தது. மாங்கூழில் தயாராகும் பானங்களின் மீதான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது நல்ல முடிவு. அது நடைமுறைக்கு வந்த நாள் 2025 செப்டம்பர் 22. அப்போது மரத்தில் காயே இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய அரசியல் ஒன்று உண்டு. 2024 மக்களவைத் தேர்தலில் பாரதிய ஜனதா கட்சிக்குத் தனிப்பெரும்பான்மை கிடைக்கவில்லை. தெலுங்கு தேசத்தின் 16 உறுப்பினர்களும் ஐக்கிய ஜனதா தளத்தின் 12 உறுப்பினர்களும் கொடுத்த ஆதரவில்தான் நரேந்திர மோடி மூன்றாவது முறையாகப் பிரதமரானார். தில்லியில் ஆந்திரத்துக்கு இவ்வளவு செல்வாக்கு அண்மைக்காலத்தில் வாய்த்ததில்லை. அதன் பலனாக 2024 ஜூலையில் தாக்கலான மத்திய பட்ஜெட்டில் அமராவதி தலைநகருக்கு ரூ.15,000 கோடி ஏற்பாடு செய்யப்பட்டது. போலவரம் அணைக்கும் உறுதி அளிக்கப்பட்டது. ஆனால், சித்தூரின் மாங்காய்க்காக மத்திய அரசு ஏற்க வேண்டியிருந்த சுமார் 130 கோடி ரூபாய்க்கு மாநில அமைச்சர்களும் உறுப்பினர்களும் பலமுறை படியேற வேண்டியிருந்தது. எதிர்க்கட்சி ஆளும் கர்நாடகத்துக்கு முதலில் கிடைத்தது, ஆட்சியைத் தாங்கி நிற்கும் கூட்டாளியின் சொந்த மாவட்டத்துக்குப் பின்னர்தான் கிடைத்தது என்பது சித்தூர்க்காரர்கள் கசப்புடன் நினைத்துப் பார்க்கும் செய்தி.

மாங்காயில் அடி விழுந்தபோது தாங்கிப் பிடிக்க வேறு பிடிமானம் இருந்திருந்தால் இந்தக் கசப்பு இவ்வளவு ஆழமாக இறங்கியிருக்காது. ஒரு காலத்தில் இருந்தது. சித்தூரில் ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை, ரேணிகுண்டா அருகே ஸ்ரீவெங்கடேஸ்வரா கூட்டுறவு சர்க்கரை ஆலை, சித்தூரில் மாவட்டக் கூட்டுறவுப் பால் பண்ணை. மூன்றுமே விவசாயிகளை உறுப்பினர்களாகக் கொண்டவை. மாடு பால் கறக்கும்வரை வீட்டில் அன்றாடச் செலவுக்குக் காசு இருக்கும், கரும்பு வெட்டினால் ஆண்டுக்கொருமுறை மொத்தமாகப் பணம் வரும், மாங்காய் மேல்வரும்படி. இந்த அமைப்பில் ஒன்று விழுந்தாலும் மற்ற இரண்டும் குடும்பத்தை நிறுத்தி வைக்கும்.

முதலில் விழுந்தது பால் பண்ணை. பல ஆண்டுகள் நட்டத்தில் தள்ளாடிய பிறகு 2002 ஆகஸ்டில் அது மூடப்பட்டது. அப்போது முதல்வராக இருந்தவர் இதே மாவட்டத்தைச் சேர்ந்த சந்திரபாபு நாயுடு. 1992-இல் அவர் தொடங்கிய ஹெரிடேஜ் நிறுவனத்தின் பால் வணிகத்துக்காகவே கூட்டுறவுப் பண்ணை பட்டினி போடப்பட்டது என்று எதிர்க்கட்சிகள் இன்றும் குற்றம்சாட்டுகின்றன. தெலுங்கு தேசம் அதை மறுக்கிறது. பண்ணை எப்படிச் செத்தது என்பதில்தான் இரு தரப்புக்கும் சண்டை. செத்ததில் கருத்து வேறுபாடு இல்லை. அதன் பின்னர் 2004-இலும் 2009-இலும் காங்கிரஸ் ஆட்சி அமைந்தது. பண்ணை திறக்கப்படவில்லை. 2014-இல் மீண்டும் தெலுங்கு தேசம் வந்தது. அப்போதும் திறக்கப்படவில்லை. 2019-இல் ஆட்சிக்கு வந்த ஜெகன்மோகன் ரெட்டி, பழைய பாக்கிகளைத் தீர்த்து, பண்ணையை அமுல் நிறுவனத்திடம் நீண்டகாலக் குத்தகைக்கு ஒப்படைத்து, ரூ.385 கோடித் திட்டத்துக்கு 2023 ஜூலையில் அடிக்கல் நாட்டினார். ஆட்சிக்கு வந்து நான்கு ஆண்டுகள் கழித்து நாட்டப்பட்ட கல் அது. அடுத்த ஆண்டே ஆட்சி மாறியது.

சர்க்கரை ஆலைகளின் கதையும் அதுவே. ஏறத்தாழ மாநிலப் பிரிவினை நடந்த காலத்தையொட்டி இரண்டிலும் அரைவை நின்றது. கரும்புக்குரிய பணமும் தொழிலாளர்களின் சம்பளமும் பாக்கி விழுந்தன. ஆலையை நம்பிக் கரும்பு நட்டவர்கள் வெல்லத்துக்குத் திரும்பினர். சித்தூர் வெல்லத்துக்குத் தமிழகச் சந்தைகளில் நல்ல பெயர் உண்டு. ஆனால் கொதிக்கும் கொப்பரைக்கு ஆள் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகிறது. நிறம் கறுத்த வெல்லம் கள்ளச்சாராயத்துக்குப் போகிறது என்று கலால் துறையின் கெடுபிடி வேறு. கரும்பு நிலங்கள் மெல்ல மெல்ல மாந்தோப்புகளாக மாறின. ஒரே பயிரில் எல்லோரும் குவிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, 2025-இல் தோப்பில் விழுந்த விலைக்கான விதை, பத்தாண்டுகளுக்கு முன் மூடப்பட்ட ஆலை வாசலில் ஊன்றப்பட்டது என்றால் அது மிகையல்ல.

இப்போது வாக்குப்பெட்டிக்கு வரலாம். தொகுதி மறுவரையறைக்குப் பிறகு, 2009 முதல் சித்தூர் சட்டப்பேரவைத் தொகுதி என்பது சித்தூர், குடிபாலா ஆகிய இரண்டே மண்டலங்களைக் கொண்டது. அங்கு 2009-இல் காங்கிரஸ் வென்றது. 2014-இல் தெலுங்கு தேசம். 2019-இல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ். 2024-இல் மீண்டும் தெலுங்கு தேசம். நான்கு தேர்தல்களில் ஒருமுறைகூட வென்ற கட்சிக்கு அடுத்த வாய்ப்பு கிடைக்கவில்லை. அதைவிட முக்கியமானது, அந்த நான்கு முறையும் மாநிலத்தில் ஆட்சி அமைத்த கட்சியின் வேட்பாளரையே இத்தொகுதி தேர்ந்தெடுத்தது. "எதிர்க்கட்சி உறுப்பினர் என்பதால் ஒன்றும் நடக்கவில்லை" என்ற வழக்கமான சமாதானம் இங்கே எடுபடாது. ஆளுங்கட்சியின் பக்கம் நின்றும் குடிபாலாவுக்கு ஆலையும் திறக்கவில்லை, பண்ணையும் திறக்கவில்லை.

பழைய ஒன்றுபட்ட சித்தூர் மாவட்டத்தின் 14 தொகுதிகளிலும் இதே ஊசலாட்டம்தான். 2014-இல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸுக்கு எட்டு, தெலுங்கு தேசத்துக்கு ஆறு. 2019-இல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் 13 இடங்களை வாரிச் சுருட்ட, நாயுடுவின் குப்பம் மட்டும் தெலுங்கு தேசத்துக்கு மிஞ்சியது. 2024-இல் கணக்கு தலைகீழாகி, 12 இடங்கள் தெலுங்கு தேசக் கூட்டணிக்கும் இரண்டே இடங்கள் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸுக்கும் கிடைத்தன. மாநில அளவில் 151 இடங்களுடன் ஆண்ட கட்சி 11-க்குச் சுருங்கியது. அப்போதும் அக்கட்சிக்கு 39 சதவீத வாக்குகள் இருந்தன என்பதை வெற்றிக் களிப்பில் இருந்தவர்கள் கவனிக்கவில்லை. பத்து வாக்காளர்களில் ஒருவர் இடம் மாறினாலே ஆட்சி கவிழ்ந்துவிடும் மாநிலம் ஆந்திரம். அந்தப் பத்தில் ஒருவர் பெரும்பாலும் கடன்பட்ட விவசாயியாகவோ வேலை தேடும் அவருடைய பிள்ளையாகவோ இருக்கிறார்.

வாக்காளர்கள் இப்படி மாறுவதைத் "தெலுங்கர்களின் உணர்ச்சிவசம்" என்றும் "இலவசத்துக்கு விலைபோனவர்கள்" என்றும் ஏளனம் செய்வோர் தலைநகரில் உண்டு. தலைவர்கள் மாறிய கதையை அவர்கள் எடுத்துப் பார்க்க வேண்டும். சந்திரகிரியில் 1978-இல் காங்கிரஸ் வேட்பாளராக வென்று அமைச்சரான நாயுடு, 1983-இல் அதே தொகுதியில் தெலுங்கு தேசத்திடம் தோற்ற பின்னர் அக்கட்சியிலேயே சேர்ந்து, 1995-இல் மாமனார் என்.டி. ராமராவை அகற்றி முதல்வரானவர். தேசிய ஜனநாயகக் கூட்டணியில் இருந்தார், விலகினார், 2014-இல் திரும்பினார், சிறப்பு அந்தஸ்து கிடைக்கவில்லை என்று 2018-இல் மீண்டும் வெளியேறினார், அதே ஆண்டு தெலங்கானாவில் காங்கிரஸுடன் கைகோத்தார், 2024-இல் மறுபடியும் பாரதிய ஜனதாவுடன் சேர்ந்தார். மாவட்டம் தந்த மற்றொரு முதல்வர் கிரண்குமார் ரெட்டி. மாநிலப் பிரிவினையை எதிர்த்து 2014 பிப்ரவரியில் பதவி விலகித் தனிக்கட்சி கண்டவர், 2018-இல் காங்கிரஸுக்குத் திரும்பி, 2023-இல் பாரதிய ஜனதாவில் இணைந்தார். 2019-இல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் சார்பில் சித்தூரில் வென்ற ஆரணி சீனிவாசுலு, 2024-இல் அக்கட்சியின் வாய்ப்பு கைநழுவியதும் ஜனசேனாவுக்கு மாறி, திருப்பதியில் நின்று வென்றார். குடிபாலா வாக்காளர் 2024-இல் தன் உறுப்பினரைத் தண்டிக்க வாக்குச்சாவடிக்குச் சென்றபோது, அந்த உறுப்பினர் வேறு கட்சியின் சின்னத்தில், வேறு ஊரில், வெற்றி பெறும் அணியில் இருந்தார்!

தலைவர் மாறினால் அவருக்குப் பதவி கிடைக்கிறது. வாக்காளர் மாறினால் அவருக்கு என்ன கிடைக்கிறது? உதவித்தொகை கிடைக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜெகன்மோகன் ரெட்டி ஆட்சியில் மக்களின் கணக்குகளில் பணம் நேரடியாக வந்தது. அடுத்து வந்த அரசு முதியோர் ஓய்வூதியத்தை 2024 ஜூலை முதல் 4,000 ரூபாயாக உயர்த்தியது. மத்திய அரசின் 6,000 ரூபாயும் சேர்த்து விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் தரும் அன்னதாத்தா சுகீபவா திட்டத்தை 2025 ஆகஸ்டில் தொடங்கியது. இவை ஏழைகளுக்குத் தேவையானவை. வீண்செலவு என்று இகழத்தக்கவை அல்ல. ஆனால், ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மாங்காயின் விலை கிலோவுக்கு 8 ரூபாய் சரிந்தால், டன்னுக்கு இழப்பு 8,000 ரூபாய். இரண்டரை டன் காயை விற்பதற்குள் ஆண்டு முழுவதற்குமான அந்த 20,000 ரூபாய் கரைந்துவிடும். ஓர் ஏக்கர் தோப்பு வைத்திருப்பவருக்குக்கூட ஒரு பருவத்துக்கு அதைவிட அதிகம் காய்க்கும். சந்தையில் இழந்ததை உதவித்தொகையால் ஈடுகட்ட முயல்வது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதற்கு ஒப்பாகும். குடம் நிறையாதபோது இறைப்பவரை மாற்றிப் பார்க்கிறார்கள் மக்கள்.

ஆட்சி மாற்றத்தின் அடி விவசாயத்தோடு நிற்கவில்லை. இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்துவரும் அமரராஜா மின்கல நிறுவனத்தின் ஆலைகளை மூடுமாறு 2021-இல் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. உயர்நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. நிறுவனத்தின் தலைமையில் இருந்த கல்லா ஜெயதேவ் அப்போது தெலுங்கு தேச மக்களவை உறுப்பினர். காரணம் ஈய மாசா, அரசியலா என்ற விவாதம் ஒருபுறம் இருக்க, 2022 டிசம்பரில் அந்நிறுவனம் ரூ.9,500 கோடி முதலீட்டுக்குத் தெலங்கானாவைத் தேர்ந்தெடுத்தது. வேலைக்காகக் காத்திருந்த உள்ளூர் இளைஞர்களுக்கு மிஞ்சியது பெங்களூருக்கும் சென்னைக்கும் செல்லும் பேருந்துகள்.

இத்தகைய கோபம் ஆந்திரத்துக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டியதில்லை. பொருளாதாரம் சரிந்த இலங்கையில் 2020-இல் 145 இடங்களுடன் நாடாளுமன்றத்தைப் பிடித்த ராஜபக்சேக்களின் கட்சி, 2024-இல் மூன்றே இடங்களுக்கு வீழ்ந்தது. 2020-இல் மூன்று இடங்கள் மட்டும் பெற்றிருந்த தேசிய மக்கள் சக்தி 159 இடங்களுடன் ஆட்சி அமைத்தது. நூற்றாண்டுகால விசுவாசங்கள் கண்ணெதிரே உதிர்ந்தன. எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற மக்கள் எந்தக் குடும்பத்துக்கும் எந்தக் கொடிக்கும் கடன்பட்டவர்களாகத் தங்களைக் கருதவில்லை. வரிசையில் நிற்க வைக்கப்பட்ட மனிதனின் கோபத்துக்கு அவ்வளவு வலிமை உண்டு. சித்தூரில் நின்றது மாங்காய் வரிசை.

2025 ஜூலை 9-ஆம் தேதி பங்காருபாளையம் மாங்காய்ச் சந்தைக்கு ஜெகன்மோகன் ரெட்டி வந்தபோது நடந்தவை இதற்குச் சான்று. 500 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று காவல்துறை கட்டுப்பாடு விதித்தது. கூட்டம் அதையும் மீறித் திரண்டது. சாலையில் மாங்காய் கொட்டப்பட்டது. அது விவசாயிகளின் வேதனை என்றது எதிர்க்கட்சி. நாடகம் என்றது ஆளுங்கட்சி. வழக்குகள் பதிவாயின. விவாதம் முழுவதும் சாலையில் காயைக் கொட்டியது யார் என்பதிலேயே சுற்றிச் சுற்றி வந்தது. காய்க்கு ஏன் விலையில்லை என்ற கேள்வி கூட்ட நெரிசலில் நசுங்கிப்போனது. 13 மாதங்களுக்கு முன் மாவட்டத்தில் துடைத்தெறியப்பட்ட கட்சியின் தலைவரைக் காண அத்தனை பேர் வந்தார்கள் என்பது ஆளுங்கட்சிக்கு ஒரு முன்னறிவிப்பு. அவரும் ஐந்து ஆண்டுகள் ஆண்டவர்தான் என்பதை வந்தவர்கள் அறியாதவர்கள் அல்லர் என்பது அவருக்கான முன்னறிவிப்பு.

செய்ய வேண்டியவை கண்டறியப்படாத இரகசியங்கள் அல்ல. சந்தைத் தலையீட்டுத் திட்டத்துக்கான ஒப்புதல் அறுவடை முடியும்போது வருவதால் பயனில்லை. விளைச்சல் எவ்வளவு இருக்கும் என்பது ஏப்ரல் மாதமே தோட்டக்கலைத் துறைக்குத் தெரிந்துவிடுகிறது. ஆலைகளின் கிடங்கில் எவ்வளவு கூழ் தேங்கியிருக்கிறது என்பதும் கணக்கில் உள்ளதே. இவ்விரண்டையும் வைத்து மே மாத இறுதிக்குள் விலையை அறிவிக்க மத்திய, மாநில அரசுகளால் முடியும். ஆலை தர வேண்டிய விலைக்கு வேண்டுகோள் போதாது; எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும், பணம் தர வேண்டிய கெடுவும், தவறினால் அபராதமும் வேண்டும். ஆந்திரம், கர்நாடகம், தமிழகம் ஆகிய மூன்று மாநிலங்களுக்கும் பொதுவான விலைக் குழு ஒன்றை மத்திய வேளாண் அமைச்சகம் கூட்டுவதற்குச் சட்டத் தடை எதுவும் இல்லை. அப்படியொரு குழு இருந்தால் நரஹரிப்பேட்டையில் மாங்காய் வண்டியை மறிக்க வேண்டிய அவசியமே எழாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, காத்திருக்கும் ஆற்றல் விவசாயியின் கைக்கு வர வேண்டும். கூழாக்கிச் சேமித்து வைக்கும் ஆலை ஒன்று விவசாயிகளின் கூட்டுறவில் இயங்கினால், தனியார் ஆலைகளின் வாசலில் விலை ஒரே இரவில் 5 ரூபாய்க்கு இறங்காது. அதற்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. சித்தூரில் கூட்டுறவு சர்க்கரை ஆலையின் வளாகம் பூட்டிக் கிடக்கிறது. அதன் உறுப்பினர்கள் இன்னும் தோப்புகளில்தான் இருக்கிறார்கள். மத்தியில் 2021-இல் கூட்டுறவுக்கென்றே தனி அமைச்சகம் தொடங்கப்பட்டு, உள்துறை அமைச்சர் அமித் ஷாவே அதற்குப் பொறுப்பேற்றார். மாநிலத்தில் முதல்வர் இதே மாவட்டத்துக்காரர். இருவரும் ஒரே கூட்டணியில் இருக்கிறார்கள். சித்தூர் தொகுதியின் சட்டப்பேரவை உறுப்பினரும் மக்களவை உறுப்பினரும் அதே கூட்டணியைச் சேர்ந்தவர்கள். குடிபாலா வாக்காளர் தன்னால் இயன்ற அளவுக்கு எல்லோரையும் ஒரே பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அடுத்த தேர்தல் 2029-இல். அதற்குள் மாமரங்கள் எத்தனை முறை பூக்கும் என்பதை அமராவதியிலும் தில்லியிலும் உள்ளவர்கள் எண்ணிப் பார்த்து, அந்த ஆலையின் பூட்டுக்குச் சாவி தேடத் தொடங்கட்டும்.